மன்செஸ்டர் யுனைட்டெட் ஏன் இவ்வளவு தளர்ந்துபோனது?

இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகமான மன்செஸ்டர் யுனைட்டெட்டின் ஆட்டத்தை யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விழித்திருந்து பார்த்தும் தோல்வியே மிஞ்சுகிறது, இதற்குப் பயிற்றுநர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்றுநரைக் குறைகூறுவது எளிது. ஆயினும், 2013 இல் நெடுங்காலப் பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன், இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் 13 பட்டங்களுடன் ஓய்வுபெற்ற பின்னர் மொயிஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் எனப் பலர் வந்துபோயும் அப்பட்டம் மீளவில்லை என்பதே, கோளாறு அவர்களுக்கும் மேலே இருப்பதைக் காட்டுகிறது.

ஒருவர் தமது ஆட்டமுறைக்கேற்பக் கேட்டு வாங்கிய வீரர்கள் அடுத்து வந்தவருக்குப் பொருந்தாமற்போயினர். வான் கால் பந்தைத் தம்வசம் வைத்திருக்கும் ஆட்டத்தை வலியுறுத்த, மொரின்யோ தற்காப்பையும் எதிர்த்தாக்குதலையும் நம்பினார், அமோரிமோ பின்களத்தில் மூன்று மைய வீரர்களை நிறுத்தும் அமைப்பை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, 2005 இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கப் பெற்ற கடனில் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே விழுந்தது.

2024-25 பருவகாலப் பிரீமியர் லீக்கில் 42 புள்ளிகளுடன் 15 ஆம் இடம். ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக் இறுதியாட்டத்திலும் டொட்டன்ஹாமிடம் 0-1 எனத் தோல்வி. (குருநகரிலோ நாவாந்துறையிலோ ஊர்க்கழகம் தோற்றால் மறுநாள் வீரரையே வழிமறித்துக் கேட்கலாம், உங்களுக்கு அந்த வசதியும் இல்லை.) ஆகவே, அடுத்த பயிற்றுநர் யார் என்பதைவிட, வீரர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எவரிடம் எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.