கணுக்கால் சுளுக்கு: மறுபடி ஓடத் தொடங்குவது எப்போது?

கேள்வி: எனக்கு வயது 32. ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) ஆடும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கிக்கொண்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஏழு வாரமாகிறது, நடந்தால் வலி இல்லை. அம்மா தினமும் தைலம் தேய்த்துவிடுகிறார். ஐபிபிடி தேர்வுக்கு (தேசிய சேவையாளர்களின் உடற்தகுதித் தேர்வு) இன்னும் இரண்டரை மாதம்தான். அதில் ஓட வேண்டிய 2.4 கிலோமீட்டரை இப்போதே ஓடிப் பார்க்கலாமா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: ஓட ஆரம்பிக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் 2.4 கிலோமீட்டர் வேண்டாம். நடக்கும்போது வலியில்லை என்றால் கால் நடக்கத் தயார், அவ்வளவுதான். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் ஒற்றைக் காலில்தான் இறங்குகிறது. உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன்மேல் விழும்.

உங்களுக்கு அடிபட்டிருப்பது பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார். வலியும் வீக்கமும் சில வாரங்களில் அடங்கிவிடும். தசைநார் பழைய உறுதிக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதைவிட முக்கியம், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மந்தமாகியிருக்கும். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவது இதனால்தான். சும்மா ஓய்வெடுத்தால் இது திரும்பாது, பழக்கித்தான் வரவழைக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழுதாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். இடது கால் 25 முறை செய்து, வலது கால் 12லேயே நடுங்கினால் கெண்டைக்கால் இன்னும் தேறவில்லை. அடுத்து, ஒற்றைக் காலில் கண்ணை மூடி அரை நிமிடம் நில்லுங்கள். பிறகு அதே காலில் பத்து முறை குதியுங்கள். இடது காலோடுதான் ஒப்பிட வேண்டும், கூட ஓடும் நண்பரோடு அல்ல. வித்தியாசம் பெரிதாக இருந்தால் இந்தச் சோதனைகளையே இரண்டு மூன்று வாரம் பயிற்சியாகச் செய்யுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம், எம்ஆர்டி ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் நிற்கலாம்; யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

இரண்டு காலும் ஏறக்குறைய சமமாகி, அரை மணி நேரம் வேகமாக நடக்கவும் முடிகிறதா? சரி, ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழெட்டுச் சுற்று போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஓடும்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். முந்தின நாளைவிட விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்தத் தகவலே கிடைக்காது. முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகம் கடைசியில்தான்.

பூங்கா இணைப்புப் பாதைகள் சமதளம், அவை போதும். மெக்ரிட்சி காட்டுப்பாதையின் வேர்களும் கற்களும் இப்போதைக்கு வேண்டாம். மழை பெய்த தரையும் அப்படித்தான். முதல் சில மாதங்கள் ஓடும்போது கணுக்கால் பட்டை அணிவது நல்லது; அது மறுபடி சுளுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

அம்மாவின் தைலம் தொடரட்டும், இதமாக இருக்கும். ஆனால் அது தசைநாரை உறுதியாக்காது. அப்புறம், சுளுக்கிய புதிதில் யாரும் அழுத்தி உருவ விடாதீர்கள், வீக்கம் கூடும்.

கால் திடீரென்று நழுவுகிறது, மூட்டு சிக்கிக்கொள்கிறது, ஓடிய பிறகெல்லாம் வீங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) போய் பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். குருத்தெலும்பில் அடிபட்டிருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

ஐபிபிடிக்கு, மூன்று கிலோமீட்டரை நிற்காமல் மெதுவாக ஓடி, மறுநாளும் தொந்தரவில்லை என்ற நிலை வந்த பிறகு நேரம் வைத்து ஓடிப் பாருங்கள். அதற்குள் தேதி வந்துவிட்டால், தேர்வுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழ் பற்றிப் பேசுங்கள்.