வெள்ளைக்காரர் காலத்துச் சட்டசபையில் சுகாதாரம் பற்றிப் பேசியதால் ஏதாவது பயன் இருந்ததா?

கேள்வியில் கேட்டிருப்பது 1920, 30களில் சென்னை மாகாணச் சட்டசபையில் பொதுச் சுகாதாரம் பற்றி நடந்த விவாதங்களைப் பற்றி. அதெல்லாம் பெயருக்கு நடந்ததா, உருப்படியாக ஏதாவது வந்ததா என்கிறீர்கள்.

வந்தது. ஆனால் தாமதமாக வந்தது, ஏன் தாமதம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், சானிடரி இன்ஸ்பெக்டர் என்றால் சட்டென்று புரியும். ஓய்வுக்கு அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. தாளைக் கொஞ்சம் அழுத்திப் புரட்டினால் ஓரம் உதிர்ந்து கையோடு வந்துவிடும், அவ்வளவு பழசு. ஆனால் உள்ளே இருக்கும் விஷயத்தில் பாதி, நான் வேலையில் இருந்தபோது கவுன்சில் கூட்டத்தில் கேட்ட அதே வாக்குவாதம்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1919 இந்திய அரசுச் சட்டத்தில் வந்தது இரட்டை ஆட்சி, அதாவது மாகாண நிர்வாகத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது. சுகாதாரம், மருத்துவம், கல்வி, உள்ளாட்சி எல்லாம் மந்திரிகள் கைக்கு வந்தன, நிதி, நில வரி, போலீஸ் எல்லாம் கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தன. அதாவது காலரா வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், பெட்டிச் சாவி இருப்பது இன்னொருவரிடம். பெட்டியிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மெஸ்டன் குழு வகுத்த நிதி ஏற்பாட்டின்படி மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து மத்திய அரசுக்கு வருஷத்துக்கு 983 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அதில் சென்னையின் பங்கு மட்டும் 348 லட்சம், வேறு எந்த மாகாணமும் இவ்வளவு கட்டவில்லை. 1920களின் கடைசியில்தான் அது முழுதாக நின்றது. அந்த நாளில் சபையில் யார் ஆஸ்பத்திரி கேட்டாலும், குடிதண்ணீர்த் திட்டம் கேட்டாலும் பேச்சு கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து முட்டியிருக்கும்.

ஆள் விஷயமும் இப்படித்தான். பெரிய மருத்துவப் பதவிகளில் இருந்த ஐ.எம்.எஸ். (இந்திய மருத்துவப் பணி) அதிகாரிகளின் சம்பளம் சபையின் ஓட்டுக்கே வராது, உறுப்பினர்கள் என்ன கத்தினாலும் அதில் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. கீழே வந்தால், கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதுகிறவர் கிராம முன்சீப், அவர் ரெவின்யூ ஆள். சுகாதார மந்திரிக்கு அவர்மேல் நேரடி அதிகாரம் கிடையாது. எந்தத் தெருவில் எத்தனை பேர் வாந்திபேதியில் போனார்கள் என்ற கணக்கு சரியாக, நேரத்துக்கு வராமல் தொற்று நோயை யாரும் பிடிக்க முடியாது. இதை வேலை செய்து பார்த்தவனாகச் சொல்கிறேன். ஒரு முறை வயிற்றுப்போக்கு பரவியபோது இரண்டு அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லாததால் எங்களுக்கு நான்கு நாள் வீணாகப் போனது, அந்த நான்கு நாளும் ஜனங்கள் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு கட்டுக்குள்ளும் அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1922இல் பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறை வந்தது. டாக்டர்கள் கிராமத்துக்குப் போய்த் தங்க மானியம் கொடுக்கும் திட்டமும் அந்தக் காலத்ததுதான். சொந்தமாகத் தொழில் பார்த்துக்கொள்ளலாம், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டர்கள் ஏன் கிராமத்துக்குப் போக மாட்டேன் என்கிறார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அதற்கு நூறு வருஷம் முன்னால் ஒரு விடை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சபைக்கு வந்தார், துணைத் தலைவரும் ஆனார். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை முறையாக மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டார். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டாக்டர் சபையில் எழுந்து பேசும்போது அது வேறு மாதிரிதான் இருக்கும், பார்த்த உடம்புகளைப் பற்றிப் பேசுகிறார் அல்லவா. 1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார்.

நான் கொஞ்சம் நின்று யோசித்தது வேறு ஓர் இடத்தில். 1924இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர்களான ரெட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் உரியவை என்று சபையில் போராடினார்கள், தீர்மானமும் நிறைவேறியது. வரலாற்றில் இதைச் சாதி விவகாரம் என்ற தலைப்பில்தான் வைப்பார்கள். சரிதான், ஆனால் நான் இதைச் சுகாதார விவாதமாகவும் படிக்கிறேன். ஊர்க் கிணற்றில் வாளி இறக்க விடாவிட்டால் அந்தக் குடும்பம் குட்டையில்தான் மொண்டு குடிக்கும், காலரா முதலில் அந்தச் சேரிக்குத்தான் போகும். மருத்துவத்துக்கு ஒதுக்கும் பணத்தில் எத்தனை லட்சம் கூட்டினாலும் அந்தக் கிணறு திறக்காமல் ஒன்றும் நடக்காது. தீர்மானம் போட்டும் எத்தனையோ ஊரில் கிணறு திறக்கவில்லை, அது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அப்புறம் 1937இல் ராஜாஜி மந்திரிசபை. சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் சேர்த்துப் பார்த்தவர் திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆட்சியில்தான் 1939 பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தண்ணீர், சாக்கடை, தொற்று நோய், தாய் சேய் நலம், சந்தை, திருவிழா எல்லாம் ஒரே சட்டத்துக்குள். அதில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு: நகராட்சி தன் வருமானத்தில், அரசு மானியம் நீங்கலாக, 30 சதவீதத்துக்குக் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும், பஞ்சாயத்து என்றால் பன்னிரண்டரை சதவீதம். பதினைந்து இருபது வருஷம் பணத்துக்காக மல்லாடிய சபையின் அனுபவம் அந்த எண்ணில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. நல்ல நோக்கம் என்று எழுதிவிட்டுப் போகாமல், எவ்வளவு என்று எழுதிவிட்டார்கள்.

அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திறந்த சாக்கடைக்கும் மூடாத தொட்டிக்கும் நான் கொடுத்த நோட்டீஸ்களின் தலைப்பில் அந்த 1939தான் இருக்கும். 2020இல் முகக்கவசம் போடாதவர்களிடம் 200 ரூபாய் வாங்கினார்களே, அதுவும் இதே சட்டத்தைத் திருத்தித்தான்.

நீங்களே படிக்க நினைத்தால் மார்ச் மாதத் தொகுதிகளில் தொடங்குங்கள், மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்பவை, ஓட்டுக்கு வரும் மாதம் அது. சுகாதார மானியம் வரும் நாளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள், நில வரி, போலீஸ் மானியத்தையும் பக்கத்தில் வைத்துத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.