வாசகர் கேள்விகள்: ஹைட்டியை வறுமையில் தள்ளியது யார்?

கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அடிமைகளே போராடி உருவாக்கிய நாடு ஹைட்டி. அந்த விடுதலைக்காக அவர்கள் பிரான்ஸுக்குப் பணம் கட்டினார்கள் என்பது உண்மையா? (கல்லூரி மாணவி, மதுரை)

உண்மை. பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டி 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. 1825-ல் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார். 15 கோடி பிராங்க் தர வேண்டும், ஆண்டுக்கு 3 கோடி வீதம் ஐந்து தவணை. பிரெஞ்சு வணிகத்துக்குச் சுங்கவரியில் பாதி தள்ளுபடி. பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்கு நட்டஈடு என்றார்கள். அந்தச் சொத்துக் கணக்கில் மனிதர்களும் இருந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடம்புக்குத் தாங்களே விலை கொடுத்தார்கள்.

முதல் தவணைக்கே கருவூலத்தில் பணம் இல்லை. பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடி கடன் வாங்கினார்கள். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 2.4 கோடி, வட்டியோ முழு 3 கோடிக்கு. வரலாற்றாசிரியர்கள் இதை இரட்டைக் கடன் என்கிறார்கள். 1838-ல் மீதி பாக்கி 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் பழைய ஆவணங்களிலிருந்து கூட்டிப் பார்த்த கணக்கில், இரண்டு கடனுக்குமாகப் போனது சுமார் 11.2 கோடி பிராங்க். பின்னால் வந்த அரசுகள் வாங்கிய கடன்களும் சேர்ந்துகொண்டன. 1911-ல் காபி வரியாக வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் 2.53 டாலர் பிரெஞ்சு முதலீட்டாளர்களின் கடனுக்கே போனதாக அதே ஆய்வு சொல்கிறது. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் மிஞ்சியது என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2003-ல் ஹைட்டி அதிபர் அரிஸ்டிட் பிரான்ஸிடம் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். 2004 பிப்ரவரியில் பதவி இழந்தார். 2025 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் பங்கு என்ன? (வாசகர், கோவை)

1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார்கள். அடுத்த ஜூலையில் படையே இறங்கியது. 1934 வரை போகவில்லை. சாலை போட விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்று விடுதலைக் காலம் தொட்டு இருந்த தடை, 1918 அரசியல் சட்டத்தில் நீக்கப்பட்டது.

நாங்களும் நெல் போடுகிறவர்கள். தன் அரிசியைத் தானே விளைவித்த நாடு இறக்குமதியை நம்பும் நிலைக்கு வந்தது எப்படி? (விவசாயி, தஞ்சாவூர்)

1980-களின் தொடக்கம் வரை ஹைட்டிக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விளைந்தது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்குதான் அதன் களஞ்சியம். 1986-ல் துவாலியர் குடும்ப ஆட்சி விழுந்த பிறகு, பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றுச் சந்தையைத் திறக்கத் தொடங்கினார்கள். 1995-ல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது. அந்த வரிக்குறைப்பை வற்புறுத்திய அமெரிக்கா, தன் நெல் விவசாயிகளுக்கு மட்டும் மானியத்தை நிறுத்தவில்லை. அந்த விலையோடு ஆர்ட்டிபோனிட் விவசாயி எப்படி மோத முடியும்? பலர் நிலத்தைப் போட்டுவிட்டுத் தலைநகரின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள். இன்று ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அரிசி வெளியிலிருந்து வருகிறது. இந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாஸின் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் ஹைட்டியில் அது தவறாகிவிட்டது என்று வரிக்குறைப்பின்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன் ஒப்புக்கொண்டார்.

இறக்குமதி மலிவு என்ற வாதமும் நிற்கவில்லை. 2008-ல் உலகச் சந்தையில் விலை ஏறியபோது ஹைட்டி மக்கள் பசியோடு தெருவில் இறங்கினார்கள், பிரதமர் பதவி இழந்தார்.

ஆனால் வரியோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. மேலே மலைச்சரிவுகளில் மண் அரித்து, 1956-ல் கட்டிய பெலிக்ர் அணையில் வண்டல் பெருமளவு சேர்ந்துவிட்டது. வாய்க்கால்களும் தூர்ந்துபோக, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. பழைய ஆலைகளில் குருணை அதிகம் விழும். நல்ல ருசி என்று மக்கள் விரும்பும் உள்ளூர் அரிசி, பொடிந்தும் விலை கூடியும் சந்தைக்கு வருகிறது. நடவுச் செலவுக்குக் கந்துவட்டிதான் கதி.

ஆகவே நாளைக்கே வரியை 35 சதவீதமாக்கினால் நகரத்து ஏழைக்குச் சோறு எட்டாது. எல்லை தாண்டிக் கடத்தலும் பெருகும். முதலில் வாய்க்கால் தூர்வாருவது, அடுத்து ஆலைகளைச் சீராக்குவது, பள்ளி மதிய உணவுக்கு உள்ளூர் அரிசியையே கொள்முதல் செய்வது, அதன் பிறகு வரியைச் சிறிது சிறிதாக உயர்த்துவது என்ற வரிசைதான் சரியென்று நினைக்கிறோம். பள்ளிகளுக்கான உள்ளூர்க் கொள்முதல் சில பகுதிகளில் ஏற்கெனவே நடக்கிறது.

ஹைட்டியின் பன்றிகளை எல்லாம் கொன்றார்கள் என்று படித்தேன். காரணம் என்ன? (கால்நடை வளர்ப்பவர், நாமக்கல்)

1970-களின் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்தத் தீவுக்கு வந்தது. அது வட அமெரிக்காவுக்குப் பரவிவிடும் என்று அஞ்சி, அமெரிக்க உதவியோடு 1980-களின் தொடக்கத்தில் நாட்டுப் பன்றிகள் முழுவதும் அழிக்கப்பட்டன. அப்போது தடுப்பூசி இல்லாத நோய் என்பதால் அழிப்புக்குக் காரணம் இருந்தது. பிழை, அதற்குப் பின் செய்ததில். அந்தக் கறுப்புப் பன்றி கழிவைத் தின்றே வளரும், வெயில் தாங்கும். பள்ளிக் கட்டணமோ சாவுச் செலவோ வந்தால் ஒன்றை விற்பார்கள். பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பன்றிகளுக்குக் கூரைக் கொட்டில், நல்ல தண்ணீர், விலைக்கு வாங்கும் தீவனம் எல்லாம் வேண்டும். ஏழை வீட்டால் முடியுமா? அவர்களின் சேமிப்பு ஒரேயடியாகப் போயிற்று.

ஐ.நா. அமைதிப் படை அங்கே நன்மை செய்ததா? இலங்கைப் படையினர் மீதும் புகார் இருந்ததாமே? (வாசகி, மட்டக்களப்பு)

2004 முதல் 2017 வரை இருந்த படை சில பகுதிகளில் துப்பாக்கிச் சண்டையை அடக்கியது. ஆனால் 2010 அக்டோபரில், அதே ஆண்டு ஜனவரி நிலநடுக்கத்திலிருந்து நாடு எழுமுன்னே, காலரா வந்தது. மிரபலே ஊருக்கு அருகே, ஐ.நா. படையில் இருந்த நேபாள வீரர்களின் முகாமிலிருந்து கழிவு ஆர்ட்டிபோனிட் ஆற்றின் துணையாற்றில் கலந்திருந்தது. மக்கள் குடித்ததும் குளித்ததும் வயலுக்குப் பாய்ச்சியதும் அந்த ஆற்று நீரைத்தான். சுமார் 8 லட்சம் பேர் நோயுற்றனர், ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். கழிவுத் தொட்டியை ஒழுங்காகக் கட்டி, வீரர்களுக்குப் புறப்படும் முன்பே பரிசோதனை செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். ஐ.நா. பொதுச் செயலர் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்தான்.

நீங்கள் கேட்டதும் உண்மை. சிறார் மீதான பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007-ல் நூறுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். எவரும் சிறைக்குப் போகவில்லை என்று 2017-ல் அசோசியேட்டட் பிரஸ் விசாரித்து எழுதியது. அமைதிப் படையினரைத் தண்டிக்கும் அதிகாரம் அவர்களை அனுப்பிய நாட்டிடமே இருக்கிறது, ஐ.நா.வால் திருப்பி அனுப்பத்தான் முடியும். பாதிக்கப்பட்டவருக்கு வழக்குப் போட உள்ளூரில் இடமில்லை. இந்த விதி மாற வேண்டும்.

அந்த மக்களிடம் சொந்த அமைப்புகளே இல்லையா? (ஆசிரியர், திருநெல்வேலி)

நிறைய உண்டு. அறுவடைக்கும் நடவுக்கும் ஊரார் முறைவைத்து ஒருவர் வயலில் ஒருவர் உழைக்கும் கோன்பிட், ஒரே முற்றத்தைச் சுற்றி உறவினர் வீடுகள் அமைந்த லாகு, நம் ஊர் ஏலமில்லாச் சீட்டைப் போலவே முறைவைத்துப் பணம் எடுக்கும் சோல். விளைபொருளை ஊரிலிருந்து நகரத்துக்குக் கொண்டுபோவது மதான் சாரா எனப்படும் பெண் வியாபாரிகள். கொள்ளைக் கும்பல்கள் சாலையை மறித்து வசூல் செய்யும்போது முதலில் அடிபடுவதும் அவர்களே. வெளிநாட்டில் உழைக்கும் ஹைட்டியர் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

நாம் உதவ நினைத்தால் என்ன செய்யலாம்? (வாசகர், சென்னை)

பழைய துணி, அரிசி, மருந்து என்று பொருளாக அனுப்பாதீர்கள். துறைமுகத்தில் தேங்கும்; சந்தைக்கு வந்தால் உள்ளூர்த் தையல்காரரின் பிழைப்பையும் விவசாயியின் விலையையும் கெடுக்கும். பணமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த அமைப்பிடம் மூன்று விவரம் கேளுங்கள்: ஊழியரில் எத்தனை பேர் ஹைட்டியர், முடிவெடுக்கும் குழுவில் அவர்கள் இருக்கிறார்களா, பொருள்களை எங்கே வாங்குகிறீர்கள். நிலநடுக்கத்துக்குப் பின் முதல் கட்ட நிவாரணத்துக்கு வந்த சுமார் 240 கோடி டாலரில், ஹைட்டி அரசின் கைக்குப் போனது சுமார் ஒரு சதவீதம்தான். பெரும்பகுதி வெளிநாட்டு அமைப்புகள், ராணுவங்கள், ஒப்பந்ததாரர்கள் வழியாகவே செலவானது. இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத அமைப்புக்குக் கொடுக்க வேண்டாம்.