பக்கத்து சீட்காரர் மட்டும் எப்படிப் பாதி விலையில் வந்தார்?

கேள்வி: சென்னை–மதுரை, ஒரே விமானம். பக்கத்தில் இருந்தவர் நான் கொடுத்ததில் பாதிதான் கொடுத்திருக்கிறார். இது எப்படி?

பதில்: 180 சீட்டும் ஒரே விலைக்கு வருவதில்லை. உள்ளுக்குள் பல விலைப் படிகள் இருக்கும். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தால் மேல்படி திறக்கும், அவர் முன்கூட்டியே எடுத்திருப்பார். விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டு ஒரு பைசா பெறாது, மீந்த தக்காளியையாவது மறுநாள் விலை குறைத்துத் தள்ளலாம். அதனால் சில சீட்டுகளை மலிவாக விற்று நிரப்புவார்கள், மீதியைக் கடைசி நேரத்தில் எந்த விலைக்கும் வாங்கக்கூடியவருக்காகப் பிடித்து வைப்பார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-இல் இப்படித்தான் முன்பதிவுக்காரர்களுக்கு மட்டும் விலையை வெட்டி, மலிவு விலைக்கே பெயர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸ் விமான நிறுவனத்தோடு மோதியது. இரண்டே வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே இல்லாமல் போனது. கணக்கு சரிதான். ஆனால் கடைசி நேரத்தில் வாங்குபவர்களில் சாவு வீட்டுக்கு ஓடுகிறவரும் இருக்கிறார், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றுகிறார்களாமே?

பதில்: பெரும்பாலும் இல்லை, அதற்குள் அந்தப் படி தீர்ந்திருக்கும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போதுதான் கவனம் வேண்டும். கீழ்ப்படியில் மூன்று சீட்டுதான் மிச்சம் என்றால், பல தளங்களில் நான்கு பேருக்குமே மேல்படி விலை காட்டும். ஒருவருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், குறைவாக வந்தால் பிரித்து எடுங்கள்.

கேள்வி: தீபாவளிக் கொள்ளையை அரசு ஏன் தடுப்பதில்லை?

பதில்: தடுத்த காலமும் உண்டு. 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தது. ஆனால் வரம்பு போட்டால் சீட்டு அதிகமாகிவிடாதே! பண்டிகைக்கு முந்தின நாள் தெற்கே நிரம்பிப் போகிற விமானம் சென்னைக்குத் திரும்பும்போது ஆள் குறைவாகத்தான் வரும், அந்தச் செலவும் போகிறவர் தலையில்தான் விழுகிறது. கூடுதல் விமானங்களும் சிறப்பு ரயில்களும் முன்கூட்டியே அறிவித்தால்தான் விலை இறங்கும் என்பது என் கருத்து.

கேள்வி: டிக்கெட் இருந்தும் சீட் நிரம்பிவிட்டது என்று ஏற்றவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டுக் கூடுதலாக விற்பது வழக்கம்தான், ஆனால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விதி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் இருமடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 வரை. நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்குச் சான்றாக போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள், கேட்பார்கள்.