சட்டம் போடும் கடைக்கு ஒரு சட்டக் கேள்வி

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பிரேம் கடை நடத்துகிறேன். சாமி படம், கல்யாணப் போட்டோ, பட்டச் சான்றிதழ் எல்லாம் வரும். கண்ணாடிக்குள் போன பிறகு ஸ்கேன் எடுப்பது கஷ்டம் என்பதால், முன்கூட்டியே ஸ்கேன் செய்து 5 வெள்ளிக்கு சாஃப்ட் காப்பி தரலாம் என்று அக்கா மகன் யோசனை சொன்னான். இரண்டு மாதமாகச் செய்கிறோம். யாராவது தொலைத்துவிட்டு வந்தால் மறுபடி தரலாமே என்று எல்லாவற்றையும் தன் கூகுள் டிரைவில் வைத்திருக்கிறான். போன வாரம் ஒருவர், "என் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் உங்களிடம் எதற்கு?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நாங்கள் செய்வது தப்பா?

பதில்: பிரதி எடுத்துக் கொடுத்தது தப்பில்லை, எடுத்ததை வைத்துக்கொண்டதுதான் தப்பு. சண்டைக்கு வந்தவர் பக்கம்தான் நியாயம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று நம் கடைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். ஒற்றை ஆள் நடத்தும் கடையையும் அது கட்டுப்படுத்தும். வாடிக்கையாளர் எதற்குச் சம்மதித்தாரோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம். அந்த வேலை முடிந்து, வைத்திருக்க வேறு சட்டக் காரணமோ வியாபாரக் காரணமோ இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். அவர் 5 வெள்ளி கொடுத்தது பிரதியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள. உங்கள் மருமகன் பத்திரப்படுத்தி வைப்பான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

அதிலும் பிறப்புச் சான்றிதழ் சாதாரணக் காகிதமில்லை. அதிலுள்ள எண்தான் சிங்கப்பூரருக்குப் பின்னாளில் அடையாள அட்டை எண். சட்டம் கேட்டாலோ, ஆளை மிக உறுதியாக அடையாளம் காணவேண்டிய அவசியம் இருந்தாலோ தவிர, இந்த எண்களையோ அடையாள அட்டையின் பிரதியையோ நிறுவனங்கள் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகள் 1 செப்டம்பர் 2019 முதல் நடப்பில் உள்ளன. பிரேம் போடுவதற்கு அந்த அவசியம் எங்கே இருக்கிறது?

டிரைவ் மருமகன் பெயரில் இருக்கிறது, சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்பதெல்லாம் எடுபடாது. பொறுப்பு கடைக்குத்தான். அவனுடைய பாஸ்வேர்டு திருடுபோய் 500 பேருடைய தகவல் கசிந்தாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தும் பெரிய பாதிப்பு வரக்கூடுமென்றாலோ, அறிவிக்க வேண்டிய கசிவுதான் என்று தெரியவந்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். உங்களைப் போன்ற கடைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனாலும் 5 வெள்ளி வியாபாரத்துக்கு இந்தத் தலைவலி எதற்கு?

சரி, சேவையை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். வாடிக்கையாளரைக் கேட்டு, அவர் எதிரிலேயே ஸ்கேன் செய்து, அவருடைய தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். சில ஸ்கேனர்கள் தமக்குள்ளேயே கோப்பைச் சேமித்துக்கொள்ளும், அதையும் பாருங்கள். இவற்றைக் கவனிக்க ஒருவரைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக நியமிப்பது கட்டாயம். அது நீங்களாகவே இருக்கலாம். (என் அலுவலகச் சுவரில் தொங்கும் பட்டச் சான்றிதழும் ஒரு கடையில் பிரேம் போட்டதுதான். அங்கே யார் பிரதி எடுத்தார்களோ, நான் கேட்டதே இல்லை.)

கல்யாணப் போட்டோ வேறு கதை. அங்கே பதிப்புரிமையும் சேர்ந்துகொள்கிறது. 21 நவம்பர் 2021க்கு முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. அன்று புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு எடுத்ததென்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை உரிமை புகைப்படக்காரருக்கு. ஆகவே புதுத் தம்பதி ஸ்டூடியோ பிரிண்டோடு வந்தால், ஸ்டூடியோ என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேமுக்குள் போடுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, பிரதி எடுக்கும்போதுதான் கேள்வி வருகிறது.

மருமகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தாத்தாவின் பழைய போட்டோவில் கறையை நீக்குவது கைவேலை. சான்றிதழில் மங்கிப்போன வருடத்தையோ பெயரையோ "தெளிவாக்கி" கொடுப்பது, வேறு யாரையாவது ஏமாற்றப் பயன்பட்டால், பொய் ஆவணம் தயாரித்த வழக்கில் கொண்டுபோய் விடும். "உண்மை நகல்" என்று முத்திரை குத்துவதும் உங்கள் வேலையில்லை. அதற்கு நோட்டரி இருக்கிறார்.

அப்புறம், கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படத்தைப் பிரிக்கும்போது கிழிந்தால்? ஒப்படைத்த பொருளை உரிய கவனத்தோடு கையாண்டீர்கள் என்று காட்டவேண்டியது நீங்கள். "சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்ற அட்டை நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கு போடலாம் என்பதை மறக்காதீர்கள். வாங்கும்போதே படத்தின் நிலையை ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

டிரைவில் கிடப்பவற்றை என்ன செய்வது? பிரதி கைக்குப் போய்ச் சேராத வாடிக்கையாளரை மட்டும் கூப்பிட்டுக் கொடுங்கள். மற்றதையெல்லாம் இந்த வாரமே அழிக்கச் சொல்லுங்கள், டிரைவின் குப்பைத்தொட்டியையும் சேர்த்து. முடிந்ததும் சண்டைக்கு வந்தவருக்கு நீங்களே போன் செய்து, அழித்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.