கை எம்பிராய்டரியில் முதலில் எந்தத் தையலைக் கற்கலாம்? நேராக ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) வகுப்பில் சேர்ந்துவிடலாமா?

சங்கிலித் தையலில் தொடங்குங்கள். பலரும் ஓட்டுத் தையலைச் சொல்வார்கள். பிரிந்த மடிப்பை ஒருமுறை தைத்தவருக்குக்கூட அது தெரிந்திருக்கும்.

காடாத் துணியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எம்பிராய்டரி நூலில் 6 இழைகள் சேர்ந்திருக்கும்; 3 இழைகளைப் பிரித்து, ஒரு முழம் மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். நீளமாக எடுத்தால் சிக்கு எடுப்பதிலேயே மாலை போய்விடும். கோட்டின் தொடக்கத்தில் ஊசியை அடியிலிருந்து மேலே எடுத்து, அதே துளையில் இறக்கி, ஒரு நெல்மணி நீளம் தள்ளி முனையை வெளியே கொண்டுவாருங்கள். நூல் ஊசி முனைக்கு அடியில் கிடக்க வேண்டும். இழுத்தால் கண்ணி விழும். அடுத்த முறை ஊசி இறங்குவது அந்தக் கண்ணிக்குள், நூல் வெளியே வந்த அதே துளையில். எம்பிராய்டரி வளையத்தில் துணி முரசு போல விறைத்திருந்தால் ஊசியை இறக்கி அப்படியே மேலே எடுக்க வராது, சற்றுத் தளர்த்துங்கள்.

செய்முறை எனக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. இழுப்பதுதான் ஒரு வாரம் பிடிபடவில்லை. மல்லிகை கட்டிப் பழகிய கை. இறுக்கினால்தான் அதற்கு நிம்மதி. கண்ணிகள் எல்லாம் கம்பி போல மெலிந்து, துணி சுருங்கியது. பெரியம்மா பார்த்துவிட்டு, நூலை மார்பை நோக்கி இழுக்காமல் கோடு போகும் திசையிலேயே இழுக்கச் சொன்னார். கண்ணி துணியில் படிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆரியும் சங்கிலித் தையல்தான். ஊசிக்குப் பதில் கொக்கி முனை. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகளின் கைக்கருவி அது. கண்ணி எப்படிக் கோத்துக்கொள்கிறது என்று சாதாரண ஊசியில் பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் திணற மாட்டீர்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கடைசிக் கண்ணியின் தலைக்கு வெளியே ஒரு சிறு தையல் போட்டு அதைப் பூட்டுங்கள். அரிசி மூட்டையின் வாயில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று பிரியுமே, அதுவும் சங்கிலித் தையல்தான். நான் பூட்டாமல் விட்ட தலையணை உறையில், முதல் சலவைக்குப் பிறகு ஐந்து இதழ்ப் பூவுக்கு நான்கு இதழ்களே மிஞ்சின.