மாடி லேப்டாப் தெரியவில்லையா? ஃபயர்வாலில் கை வைக்காதீர்கள்

கேள்வி: கீழ்த்தளத்தில் ஃபைபர் பெட்டியிலிருந்து நேராகக் கேபிள் போட்டு டெஸ்க்டாப்பை இணைத்திருக்கிறேன். மாடிக்கு அதே பெட்டியிலிருந்து இன்னொரு கேபிள் போய், நான் வாங்கிய வைஃபை ரௌட்டரில் சேர்கிறது. லேப்டாப் அந்த வைஃபையில். இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது, ஆனால் ஒன்றில் மற்றது தெரியவில்லை. ஃபயர்வாலை நிறுத்தச் சொன்ன டெக்னீஷியன், புது ரௌட்டரும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஃபயர்வாலை நிறுத்தியிருந்தால் முதலில் அதை ஆன் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஐபிவி4 முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டருக்கான எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று 192.168.1.5, மற்றது 192.168.0.12 என்பதுபோல மூன்றாவது எண் வேறாக இருந்தால் கோளாறு அங்கேதான். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை மாடி ரௌட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், செருகியிருப்பார்கள். அப்படிச் செருகினால் மாடி ரௌட்டர் தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும், வீட்டுக்குள் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியதுபோல. இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் மொபைலில் ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதிப்பது அவர்கள் வேலையில் சேராதாம். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு இதுகூடச் செய்துதர முடியாதா?

இதில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சுவர் ஒருபக்கச் சுவர். மாடி லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் முகவரியை டைப் செய்தால் பகிர்ந்த ஃபோல்டர் திறக்கலாம், ஏனென்றால் உள்ளேயிருந்து வெளியே போவதை ரௌட்டர் தடுக்காது. டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு வரும் அழைப்பு மட்டும் ரௌட்டரோடு நின்றுவிடும். பாதி வேலை செய்கிறதே, அப்படியென்றால் லேப்டாப்பில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை முறை போட்டாலும் சுவர் அப்படியேதான் நிற்கும்.

சரி, வழி என்ன? மாடி ரௌட்டரின் அட்மின் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் அதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் ரௌட்டரின் லேன் (LAN, வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) முகவரியை, முதல் மூன்று எண்களும் ஃபைபர் பெட்டியின் முகவரியில் உள்ளதுபோலவே இருக்கும்படி, வேறெந்தக் கருவியும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள், அப்புறம் கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை ஆஃப் செய்யுங்கள், கடைசியாகத்தான் கேபிளை வேனிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். வரிசை முக்கியம். டிஹெச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுத்து, வீடு முழுக்க இன்டர்நெட் தடுமாறும். ஃபைபர் பெட்டியின் பாஸ்வேர்டைச் சில நிறுவனங்கள் பூட்டி வைத்துக்கொண்டு கேட்டாலும் தருவதில்லை. நல்லவேளை, இந்த வேலைக்கு அது தேவையில்லை.

அதன்பிறகும் தெரியவில்லையென்றால் இரண்டிலும் நெட்வொர்க் வகை 'ப்ரைவேட்' என்று இருக்கிறதா, நெட்வொர்க் டிஸ்கவரி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். லேப்டாப் விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் இருக்கக்கூடாது.

யாராவது எஸ்எம்பி1-ஐ (விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறை) ஆன் செய்தால் எல்லாம் தெரியும் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 2017 மே மாதம் உலகையே முடக்கிய வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதை நிறுவாமல் விட ஆரம்பித்தது. அதற்குப் பதில் இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், கம்ப்யூட்டரின் பெயரை மற்றவற்றுக்கு அறிவிக்கும் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பட்டியலில் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு மற்றக் கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை டைப் செய்யுங்கள், ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டுவிட்டுத் திறக்கும்.